இரக்கம் ஏமாற்றம் தருமா?

கொல்லத் தகுந்தவன் என்று நாம் முடிவு செய்துவிட்ட ஒருவனைக் கதைத்தலைவன் கொல்லாமல் விட்டுவிட்டால், நமக்கு ஏன் ஏமாற்றம் உண்டாகிறது? மன்னிப்பு உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. நாள்தோறும் செபிக்கும்போது மன்னிப்பைக் கேட்கிறோம். மன்னிப்பதாக வாக்கும் அளிக்கிறோம். ஆயினும் திரையின்முன் அமர்ந்திருக்கையில், ஓங்கிய கை தாழ்ந்துவிட்டால், "இவ்வளவுதானா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் எழுகிறது. அந்தக் குரல் யாருடையது? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு ஒரு பழைய ஆங்கிலப் படத்தை எடுத்துக்கொள்வோம். நாகரிகம் அழிந்தபின் எஞ்சிய மனிதர்களைப் பற்றிய அதிரடிக் கதைவரிசையில் மூன்றாவது அது. 'மேட் மேக்ஸ்: பியாண்ட் தண்டர்டோம்' என்பது அதன் பெயர். வெளிவந்த ஆண்டு 1985.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள நம் இளைஞர்கள் இப்படங்களை இன்று கைப்பேசித் திரையிலேயே பார்த்துவிடுகிறார்கள். முதல் இரண்டையும் புகழும் அவர்கள், மூன்றாவதைச் "சப்பென்று இருக்கிறது" என்று தள்ளிவிடுகிறார்கள். உலகெங்கும் பல இரசிகர்களின் தீர்ப்பும் இதுவே. அத்தீர்ப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி நம்மையே தீர்ப்பிடுகிறது.

பழி, பேரம், கொடை

இவ்வரிசையை உருவாக்கியவர் ஆஸ்திரேலியரான ஜார்ஜ் மில்லர். அவர் மருத்துவம் பயின்று, சிட்னி மருத்துவமனையில் பணியாற்றியவர். சாலை விபத்துகளில் சிதைந்த உடல்களை அங்கே கண்டவர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின், பெட்ரோலுக்காக மனிதர் எதுவும் செய்வர் என்னும் அச்சம் உலகெங்கும் பரவியிருந்த காலம் அது. அந்த அச்சத்தின் விளைச்சலே இக்கதை.

1979இல் வெளிவந்த முதற்படத்தில் மேக்ஸ் ஒரு நெடுஞ்சாலைக் காவலர். மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்று அவருடைய குழந்தையைக் கொன்று, மனைவியை மரணத்தின் வாயிலில் தள்ளுகிறது. அவர் அக்கும்பலை ஒவ்வொருவராக வேட்டையாடுகிறார். கடைசி ஆளை எரிபொருள் கசியும் வண்டியோடு விலங்கிட்டு, கையில் ஓர் இரும்பறுக்கும் ரம்பத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போகிறார். விலங்கை அறுக்க நேரமில்லை. காலை அறுத்துக்கொண்டால் பிழைக்கலாம். படம் முடிகிறது. அங்கே பழி நிறைவேறியது. ஆனால் மனிதர் ஒருவர் அழிந்துபோனார்.

1981இல் வந்த இரண்டாம் படத்தில் மேக்ஸ் பாலைநிலத்தில் அலையும் நாடோடி. அவருக்குத் துணை ஒரு நாய் மட்டுமே. வேட்டைத் திறத்துக்கும் விசுவாசத்துக்கும் பேர்பெற்ற நாயினத்துக்குத் தன் பெயரையே கொடுத்த இராஜபாளையத்தாருக்கு, அந்த நாய் கொல்லப்படும் காட்சி மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே வலிக்கும். எண்ணெய்க் கிணறு ஒன்றைக் காத்துநிற்கும் மக்களுக்கு மேக்ஸ் உதவுகிறார். ஆனால் அன்பினால் அன்று, பெட்ரோலுக்காக. இறுதியில் அவர் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய தொட்டி லாரியில் இருந்தது எண்ணெய் அன்று, மணல். பேரம் பேசியவரைப் பேரமே ஏமாற்றியது.

மூன்றாம் படத்தில் நாயும் இல்லை; புகழ்பெற்ற அந்தக் கறுப்பு மோட்டார் வாகனமும் இல்லை. ஒட்டகங்கள் இழுக்கும் வண்டியோடு மேக்ஸ் வருகிறார். அதையும் ஒரு விமானியும் அவன் மகனும் களவாடிவிடுகிறார்கள். பொருளைத் தேடி அவர் 'பார்ட்டர்டவுன்' என்னும் பண்டமாற்று நகருக்குள் நுழைகிறார். நிலத்தடியில் பன்றிச் சாணத்திலிருந்து எரிவாயு எடுத்து விளக்கேற்றும் நகர் அது. சாண எரிவாயுக் கலனை அறிந்த நம் சிற்றூர்களுக்கு இது வியப்பன்று.

இரும்புக் கூண்டும் அதன் நீதியும்

அந்நகரின் தலைவி 'ஆண்ட்டி என்டிட்டி'. 2023இல் மறைந்த பாடகி டீனா டர்னர் அப்பாத்திரத்தில் நடித்தார். பேரழிவுக்கு முன் ஒரு பொருட்டாக மதிக்கப்படாதவள், பேரழிவுக்குப்பின் ஒரு நகரையே எழுப்பியவள். அவளை வெறும் கொடியவள் என்று ஒதுக்கிவிட முடியாது. சண்டை கொலையாகவும், கொலை போராகவும் வளர்ந்து உலகம் அழிந்தது என்பதை அந்நகர் மறக்கவில்லை. எனவே ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். பகை கொண்ட இருவரும் ஒரு பெரிய இரும்புக் கூண்டுக்குள் நுழையவேண்டும்; ஒருவர் மட்டுமே உயிரோடு வெளியே வரவேண்டும். கொலை அந்தக் கூண்டுக்குள் அடங்கிவிட்டால் ஊர் பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

நிலத்தடி எரிவாயு ஆலையை ஆள்பவர் 'மாஸ்டர்' என்னும் குள்ள உருவினரான அறிவாளி. அவரைத் தோளில் சுமப்பவன் 'பிளாஸ்டர்' என்னும் பேருருவம் கொண்டவன். முகத்தை இரும்புக் கவசம் மறைத்திருக்கிறது. மாஸ்டரின் செருக்கை அடக்க, பிளாஸ்டரைக் கொல்லவேண்டும் என்று ஆண்ட்டி பேரம் பேசுகிறாள். இழந்த பொருளைத் திரும்பப் பெறலாம் என்று மேக்ஸ் இசைகிறார். போர் நடக்கிறது, பிளாஸ்டர் வீழ்கிறான், கவசம் கழல்கிறது. உள்ளே இருப்பது கொடுங்கோலனின் முகம் அன்று. மனவளர்ச்சி குன்றிய ஒரு குழந்தையின் முகம். ஓங்கிய கையை மேக்ஸ் தாழ்த்திவிடுகிறார்.

மூன்று படங்களிலும் மிகப் பெரிய கணம் இதுவே என்பது என் கருத்து. முதற்படத்தில் பழி, இரண்டாவதில் பேரம், இங்கே முதன்முறையாக இரண்டையும் மறுத்த ஒரு கொடை. அதற்கு அவர் விலையும் கொடுக்கிறார். பிளாஸ்டரை ஆண்ட்டியின் ஆட்கள் கொன்றுவிடுகிறார்கள். பேரத்தை முறித்த குற்றத்துக்காக மேக்ஸுக்கு ஒரு சக்கரத்தைச் சுழற்றித் தண்டனை தேர்ந்தெடுக்கப்படுகிறது. மனச்சான்றுக்கு வேலை இல்லாத நீதி அது. சக்கரம் நின்ற இடமே தீர்ப்பு. முகமூடி மாட்டி, குதிரைமேல் ஏற்றி, பாலைவனத்துக்கு அவரைத் துரத்திவிடுகிறார்கள்.

திருவள்ளுவர் இரக்கத்தை இல்வாழ்வுக்கும் துறவுக்கும் உரிய நற்பண்பாக மட்டும் நிறுத்தவில்லை. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்று ஆட்சியைப் பற்றிப் பேசிவந்து, அவற்றை அடுத்து 58ஆம் அதிகாரமாகக் கண்ணோட்டத்தை வைக்கிறார். இரக்கம் ஆட்சிக்குப் புறம்பான மென்மை அன்று, ஆட்சியின் ஓர் உறுப்பு என்பது அந்த வைப்புமுறையால் விளங்குகிறது. பார்ட்டர்டவுனில் சட்டம் இருந்தது, கண்ணோட்டம் இல்லை. ஆகவேதான் அதன் சட்டம் ஒரு குழந்தையுள்ளத்தைக் கொல்லத் துணைபோயிற்று.

கூண்டின்மேல் ஏறிநிற்பவர்கள்

அக்காட்சியில் நாம் கவனிக்கவேண்டிய மற்றொரு கூட்டம் உண்டு. ஊர்மக்கள் கூண்டின் கம்பிகளில் தொற்றி ஏறி, ஒருவர் சாகவேண்டும் என்று ஒரே குரலில் ஆர்ப்பரிக்கிறார்கள். அவர்களுக்குப் பிளாஸ்டர்மேல் பகை இல்லை. முடிவு ஒன்று வேண்டும், அவ்வளவே. நம் உள்ளத்தில் எழுந்த "இவ்வளவுதானா?" என்ற குரலை அக்கம்பிகளின்மீது காணலாம்.

இறைவாக்கினர் யோனாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய நூலில் நமக்கு நன்கு நினைவிருப்பது பெரிய மீன். ஆனால் அந்நூலின் உயிர் இருப்பது கடைசி அதிகாரத்தில். நினிவே நகர் மனம்மாறியது. கடவுளும் அதை அழிக்காமல் விட்டார். யோனாவுக்கோ கடுஞ்சினம். நகருக்கு வெளியே ஒரு பந்தல் அமைத்து, என்ன நடக்கும் என்று பார்க்க உட்கார்ந்துவிடுகிறார். விவிலியத்தில் வரும் ஏமாந்த பார்வையாளர் என்று அவரைச் சொல்லலாம். நிழல் தந்த ஆமணக்குச் செடிக்காக வருந்தும் அவரிடம், வலக்கை எது, இடக்கை எது என்று அறியாத ஓர் இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக நான் இரங்கக்கூடாதா என்ற பொருளில் கடவுள் கேட்கிறார். யோனா என்ன மறுமொழி சொன்னார் என்பதை நூல் கூறவில்லை. கேள்வி நம்மிடம் விடப்படுகிறது. கவசம் கழன்ற பிளாஸ்டரும் வலக்கை இடக்கை அறியாதவர்களுள் ஒருவன் அன்றோ?

நம் இலக்கியத்திலும் இதே மனநிலைக்குச் சான்று உண்டு. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம். முன்னதில் கண்ணகி மதுரையை எரிக்கிறாள். முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி தீக்கடவுளுக்கு ஆணையிட்ட பின்னரே எரிக்கிறாள் என்றாலும், நாம் நினைவில் வைத்திருப்பது தீயை. பின்னதில் மணிமேகலை அமுதசுரபியால் பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். தனக்குக் கொடுமை இழைத்த அரசியையும் மன்னிக்கிறாள். மேடைதோறும் முழங்கப்படுவது எந்தக் காப்பியம்? கண்ணகியின் சினத்தில் அநீதிக்கு எதிரான மாபெரும் உண்மை இருக்கிறது; அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எரியும் மதுரை நம்மை ஈர்க்குமளவு, சோறு பெற்ற சிறை ஈர்ப்பதில்லை. பழியை மட்டுமே முடிவாகக் காணப் பழகிவிட்ட கண்ணுக்கு, இரக்கம் பாதியில் நின்றுபோன கதையாகத் தோன்றுகிறது.

படத்தின் குறை எங்கே?

இவ்வளவும் சொன்னதால், படத்தைக் குறைகூறுவோர் அனைவரும் குருதிவெறி கொண்டவர்கள் என்று முடிவு கட்டிவிடலாகாது. ஏமாற்றத்தில் ஒரு பாதி நியாயமானது என்றேன். அதையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும்.

பாலையில் வீழ்ந்த மேக்ஸை, பள்ளத்தாக்கு ஒன்றில் தனித்து வாழும் சிறுவர்கூட்டம் காப்பாற்றுகிறது. விழுந்து நொறுங்கிய விமானம் ஒன்றிலிருந்து பிழைத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். கேப்டன் வாக்கர் என்னும் விமானி ஒருநாள் திரும்பி வந்து தங்களை நல்லுலகுக்கு அழைத்துச் செல்வார் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். மேக்ஸே அவர் என்று மகிழ்கிறார்கள். 'நான் அவர் அல்லேன்' என்று அவர் உண்மையைச் சொல்வது பாராட்டத்தக்கது. பொய்யான மீட்பராக அமர்ந்து வாழ அவருக்கு வாய்ப்பிருந்தும், அவர் மறுத்துவிடுகிறார்.

ஆனால் அதன்பின் படம் வேறொரு படமாகிவிடுகிறது. மேக்ஸும் சில சிறுவரும் மீண்டும் பார்ட்டர்டவுனுக்குள் புகுந்து மாஸ்டரை மீட்கிறார்கள், தொடர்வண்டியில் தப்புகிறார்கள், துரத்தல் தொடங்குகிறது. துரத்துபவர்கள் விழுவதும் எழுவதும் வேடிக்கையாகிறது. கொல்லப்பட்ட பிளாஸ்டரைப் படம் ஏறக்குறைய மறந்தே போகிறது. தோழனை இழந்த மாஸ்டர் அழுவதற்குக்கூட நேரம் கொடுக்கப்படவில்லை. தயாரிப்பாளரும் மில்லரின் நண்பருமான பைரன் கென்னடி, 1983இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவருக்கே இப்படம் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. ஜார்ஜ் ஓகில்வி என்னும் நாடகக் கலைஞர் உடன் இயக்க, மில்லர் இதை முடித்தார். துயரத்தின் நிழலில் எடுக்கப்பட்ட படத்தில், துயரத்துக்கு இடம் குறைந்துபோனது வருந்தத்தக்கது.

எல்லாவற்றினும் பெரிய குறை முடிவில் இருக்கிறது. சிறுவர்களை ஏற்றிய சிறு விமானம் மேலெழப் போதிய இடமில்லை. மேக்ஸ் ஒரு வண்டியை எதிரிகளின் ஊர்திகள்மேல் செலுத்தி வழியுண்டாக்குகிறார். பிள்ளைகள் பறந்துவிடுகிறார்கள், அவர் மணலில் கிடக்கிறார். இதுவரை அருமை. பின் ஆண்ட்டி அவர்முன் வந்து நின்று, புன்னகை செய்து, அவரை உயிரோடு விட்டுப் போய்விடுகிறாள். நாமும் நிம்மதியாக மூச்சுவிடுகிறோம். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது: மன்னிக்கும் உரிமை யாருடையது? குற்றமற்ற பிளாஸ்டரைக் கொல்லச் செய்தவள் அவள். மன்னிப்புக் கேட்கவேண்டியவள் மன்னிப்பு வழங்குபவளாக நிற்கிறாள். வலியவரின் புன்னகையே சமாதானம் என்று படம் சொல்லிவிட்டுப் போகிறது. கூண்டுக்குள் மேக்ஸ் காட்டிய இரக்கத்துக்கு அவரே விலை கொடுத்தார். இங்கே காட்டப்பட்ட இரக்கத்துக்கு விலை கொடுத்தவன் ஏற்கெனவே இறந்துவிட்ட பிளாஸ்டர்.

நம் வட்டாரத்தின் கேள்வி

இது திரைப்படத்தோடு முடிந்துவிடும் கேள்வி அன்று. 1997ஆம் ஆண்டை நம் வட்டாரம் மறக்க இயலாது. விருதுநகர் மாவட்டத்துக்கெனத் தொடங்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, தலித் மக்கள் போற்றும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு எழுந்த எதிர்ப்பு சாதி மோதலாக மூண்டது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சிற்றூர்களும் அதில் சிக்கின. ஓர் ஊரில் நிகழ்ந்ததற்கு மற்றோர் ஊரில் பழி, அப்பழிக்கு மறுபழி. அவ்வாண்டிலேயே அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது.

பெயர்கள் போயின, பேருந்துகள் ஓடின. ஓர் அரசு தீயை அணைக்க வேறு வழி காணாதிருந்திருக்கலாம். ஆயினும் பெயரை அழிப்பதும் புண்ணை ஆற்றுவதும் ஒன்றல்ல. நம் ஊர்களில் அமைதிக் கூட்டங்கள் பலவற்றில் கேட்கும் சொல் ஒன்று உண்டு: "நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுவோம்." இதை முதலில் சொல்பவர் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் இழந்தவர் அல்லர். இழந்தவர் வாய் திறக்குமுன் அவர் சார்பில் மன்னிப்பு அறிவிக்கப்பட்டுவிடுகிறது. குடும்பச் சொத்துப் பூசலிலும், வேலைக்காரப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியிலும், ஏன், பங்கு மன்றங்களிலும் இது நிகழாமல் இல்லை.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வதில் பெயர்பெற்ற ஊர். அத்துணியை உலகுக்கு அனுப்பும் வட்டாரத்தாருக்கு ஓர் எளிய உண்மையை எடுத்துச்சொல்லத் தேவையில்லை: புண்ணைக் கழுவாமல் கட்டினால் கட்டுக்குள்ளேயே சீழ் பிடிக்கும். உண்மையை ஒப்புக்கொள்வதும், இழந்ததை ஈடுசெய்வதுமே அக்கழுவுதல். அதற்குப்பின் இழந்தவர் மனமுவந்து கட்டுவதே மன்னிப்பு. கழுவுவதற்கு அஞ்சி, கட்டுவதற்கு மட்டும் விரைபவர் மருத்துவர் அல்லர்.

ஆகவே, இரக்கம் தரும் ஏமாற்றத்தில் இருவகை உண்டு என்று பிரித்தறிய வேண்டும். எவரேனும் சாகாமல் போனாரே என்ற ஏமாற்றம் ஒன்று. அது யோனாவின் ஏமாற்றம், கம்பிகளில் ஏறிநிற்போரின் ஏமாற்றம். அதை நாம் களையவேண்டும். அநீதி சொல்லப்படாமலே போயிற்றே என்ற ஏமாற்றம் மற்றொன்று, அது நீதிவேட்கை. அதை நாம் காக்கவேண்டும். இரண்டும் ஒரே பெருமூச்சாக வெளிவருவதால், நம்மாலேயே அடையாளம் காண முடிவதில்லை. சோதித்துப் பார்க்க வழியொன்று உண்டு: அந்த ஆள் உயிரோடு இருந்தவாறே உண்மை வெளிப்பட்டு, நீதியும் கிடைத்தால், நம் மனம் நிறைவடையுமா? அடையும் என்றால் நம் ஏமாற்றம் தூயது. அப்போதும் ஒரு பிணம் வேண்டுமெனில், நாம் வேண்டியது நீதியன்று.

ஊர் எழுப்பியவர்கள்

இப்படத்துக்குப்பின் முப்பது ஆண்டுகள் மேக்ஸ் திரைக்கு வரவில்லை. 2015இல் வேறொரு நடிகரைக்கொண்டு மில்லர் இக்கதையை மீண்டும் தொடங்கினார். 2024இலும் ஒரு படம் வந்தது. பழைய மேக்ஸாக நடித்த மெல் கிப்சன், 2004இல் இயேசுவின் பாடுகளைப் படமாக இயக்கியவர் என்பது நம் வாசகர்க்குத் தெரியும். மூவரிசையின் முடிவு என்ற பொறுப்பைத் தாங்கி நின்றது 1985ஆம் ஆண்டின் படமே. அதன் கடைசிக் காட்சியில், பாழடைந்த சிட்னி நகரில் சவானா என்னும் இளம்பெண் பிள்ளைகளைச் சூழ அமர்த்தி, தாங்கள் வந்த கதையை இரவுதோறும் சொல்கிறாள். இன்னும் வெளியே அலைபவர்கள் வழி கண்டு வரவேண்டுமென்று, அழிந்த நகரில் விளக்குகளை ஏற்றிவைக்கிறார்கள். மேக்ஸ் அங்கே இல்லை. காக்கப்பட்டவர்கள் கதைசொல்லி, விளக்கேற்றி, ஓர் ஊராகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலவரலாறும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. வில்லி, கண்டன் என்னும் உடன்பிறந்தார் வேட்டைக்குப் போனார்கள். கண்டனைப் புலி கொன்றது. தம்பியைத் தேடிக் களைத்து உறங்கிய வில்லிக்குக் கனவில் உண்மை உணர்த்தப்பட்டது. விழித்தெழுந்த அவன் காட்டைத் திருத்தி ஓர் ஊரை எழுப்பினான். அவன் பெயராலேயே அவ்வூர் இன்றும் வழங்குகிறது. அம்மலைகளை 2021இல் அரசு புலிகள் காப்பகமாக அறிவித்தது. பழங்கதையை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் தன் தோற்றத்தைப் பற்றி ஓர் ஊர் எந்தக் கதையைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறது என்பதில் பொருள் இருக்கிறது. கொல்லப்பட்டவனின் பெயர் அக்கதையில் மறைக்கப்படவில்லை. கண்டனைப் புலி கொன்றது என்பதை முதலில் சொல்லிவிட்டே கதை ஊரை எழுப்புகிறது.

மூன்றாம் படத்தில் குறைவுபட்டது அந்த ஒன்றே. சவானா சொல்லும் கதையில் பிளாஸ்டரின் பெயரும் இடம்பெற்றிருந்தால், அப்படத்தை நான் மறுப்பின்றிப் போற்றியிருப்பேன். இடம்பெறாததால் பாதி மனத்தோடு போற்றுகிறேன். நம் ஊர்களில் சமாதானம் பேச அமரும்போது, இழந்தவரின் பெயரைச் சொல்லிவிட்டு அமரும் வழக்கத்தையேனும் நாம் தொடங்கலாம் அல்லவா?